ஒன்று புள்ளி நான்கு ஐந்து வோல்ட்

ஒலக்கூர்ப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றின் வீடியோ என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. மெமரி கார்டுகளை அழித்து, அடுத்த முகூர்த்தத்துக்கு எடுத்துப் போய்விட்டார் மாமா, என் அக்கா வீட்டுக்காரர். அவர் படம் பிடிப்பார். திண்டிவனத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட மாடியறையில் உட்கார்ந்து நான் எடிட் செய்வேன்.

வைகாசியில் வேலை குவிந்தது. மெஷின் திணறியதால், எல்லாத் தகவலும் முதலில் வந்து தங்கிப் போகும் ரேமின் வேகத்தைக் கூட்டினேன். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே ரேம் எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பதுதான் டைமிங். அதைக் குறைத்தேன். அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கக் கொஞ்சம் வோல்டேஜும் ஏற்ற வேண்டும்.

அந்தக் கொஞ்சம்தான் எனக்குத் தெரியவில்லை. ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் பல வருஷம் இருந்தவன் நான். லோ வோல்டேஜில் கருகிய பம்புசெட்டுகளாகவே பார்த்துப் பார்த்து, குறைந்தால் எரியும் என்ற பயம் உடம்பில் ஊறிவிட்டது. ஒன்று முப்பத்தைந்து வோல்ட்டில் இருந்ததை ஒன்று நாற்பது ஆக்கினேன். ரேமைச் சோதித்ததில் ஒரு பிழை காட்டியது. பத்தவில்லை போலிருக்கிறது என்று நாற்பத்தைந்துக்கு ஏற்றினேன். விடியற்காலையிலிருந்து ஒன்பது மணிவரை ஓட்டிய சோதனையில் ஒரு பிழையும் வரவில்லை. அதை நம்பி, மத்தியான வெயிலில் அந்தக் கல்யாணத்தைக் கார்டிலிருந்து ஏற்றினேன். மாமா முதல் கிளிப்பை மட்டும் ஓட்டிப் பார்த்தார். நன்றாக இருந்தது.

நாலு நாள் கழித்துத் திறந்தால், தாலி கட்டும் இடத்தில் முகங்களே இல்லை. பச்சைப் பச்சையாகக் கட்டங்கள்.

மாமா ரேமைத் தொட்டுவிட்டு விரலை உதறினார்.

"இன்னாடா, தோசைக்கல்லாட்டம் கீது?"

"வோல்டேஜ் பத்தலயோன்னு ஏத்தினேன் மாமா."

"இது இன்னா போர்செட்டா? ஏத்திக்கினே போயிருக்க."

சூட்டில்தான் ரேம் தப்புத் தப்பாக எழுதியிருந்தது. பழையபடி குறைத்ததும் நாள் முழுக்கச் சோதனையில் ஒரு பிழையும் இல்லை. கிளிப் மட்டும் அப்படியேதான் இருந்தது. அழிந்ததை மீட்டுத் தருகிறவர் ஒருவர் விழுப்புரத்தில் இருந்தார். கார்டுகளை எடுத்துக்கொண்டு ஓடினோம். பார்த்துவிட்டு, "இதும்மேல வேற கல்யாணம் ஏறிடுச்சிங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் பார்க்க வந்தார்கள். சொல்லிவிடத்தான் நினைத்தேன். நாற்காலிகளைத்தான் இழுத்துப் போட்டேன்.

"தலய குனிஞ்சிக்கினே இருந்தேன்ணா, ஒண்ணுமே பாக்கல. இதுல பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்" என்றாள் அந்தப் பெண்.

"மூணு முடிச்சும் நான்தான் போட்டேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறா" என்று சிரித்தார் மாப்பிள்ளை. "எங்க அக்காதான் போட்டுச்சாம். இப்ப தெரிஞ்சிடும் பாருங்க."

ஓடவிட்டேன். மேளச் சத்தம் மட்டும் கேட்டது. கட்டங்கள் வந்தன, போயின. அட்சதை விழுந்து முடிந்திருந்தது.

"கொஞ்சம் முன்னாடி போங்கண்ணா" என்றாள்.

போனேன். மறுபடியும் போகச் சொன்னாள்.