பொன்னுக்கு வீங்கியும் பன்னிரண்டு நாள் லீவும்

பிள்ளைகளுக்குக் காய்ச்சல், இருமல் என்றால் ராஜபாளையத்தில் எங்கள் தெருக்காரர்கள் டாக்டரிடம் போகும் முன் என்னிடம் வருவார்கள். நான் டாக்டர் இல்லை, பேண்டேஜ் துணி கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணியைத் தினமும் தொடுகிறவனுக்கு அரை வைத்தியமாவது தெரியாமலா இருக்கும் என்பது அவர்கள் நினைப்பு. எனக்கும் அந்த நினைப்பு பிடித்திருந்தது. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் யோசனையை வாரி வழங்கினேன்.

எண்பதுகளின் கடைசியில் என் மனைவி இரண்டாவது பிரசவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பள்ளிக்கூடம் கெடக்கூடாது என்று ஐந்து வயது மகள் என்னோடு இருந்தாள். பையன் பிறந்த சேதி வந்த அதே காலையில் மகளின் இடது கன்னம் பன் மாதிரி எழும்பியிருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பொன்னுக்கு வீங்கி.

சேதி கொண்டுவந்தவன் மைத்துனன். கல்யாணமாகாதவன். இந்த வியாதி வளர்ந்த ஆண்களுக்கு வந்தால் வேறு எங்கே போய் வீங்கும் என்று யாரோ அவனுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். மகளைக் கண்டதும் வாறுகால் சாக்கடையைத் தாண்டித் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டான்.

"அத்தான், அங்கனயே நில்லுங்க. எங்க வீடு பச்சைப்பிள்ளை இருக்க வீடு. வீக்கம் வத்துற வரைக்கும் ரெண்டு பேரும் அந்தப் பக்கம் வரவேண்டாம். நானே வந்து பாத்துட்டுப் போறேன்" என்று அங்கிருந்தே கத்தினான்.

பையன் முகத்தைப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வைத்தியத்தில் இறங்கினேன். சந்தனம் இழைத்துப் பற்றுப் போட்டேன். தாடையையும் உச்சந்தலையையும் சேர்த்து எங்கள் கம்பெனித் துணியால் கட்டினேன். கட்டு கண்ணை மறைத்ததால் பிள்ளை கதவில் முட்டி நெற்றியும் வீங்கியது. கடைசியில் ஊர் வழக்கப்படி, மனைவி கழற்றி வைத்துவிட்டுப் போன தங்கச் சங்கிலியை மகளின் கழுத்தில் போட்டேன். பொன் பட்டால் வீக்கம் இறங்கும் என்பார்கள். சங்கிலி அவள் தொப்புள் வரை தொங்கியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மெல்ல முடியாததால் மூன்று வேளையும் கஞ்சியை நானே ஊட்டினேன். மற்ற நேரமெல்லாம் தாயம் விளையாடித் தோற்றேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஏழாம் நாள் நான் அடுப்படியில் இருக்கும்போது முறுக்கு டப்பா காலியானது. ஆனால் நான் பார்க்கும்போதெல்லாம் கன்னம் மட்டும் வீங்கியே இருந்தது. ஒன்பதாம் நாள் மைத்துனன் எதிர்ப்பக்கம் நின்று, மூக்கில் துண்டைப் பொத்திக்கொண்டு, "ஏட்டி, கன்னத்தைக் காட்டு" என்றான். அன்றைக்கு வீங்கியிருந்தது வலது கன்னம்.

"பக்கம் மாறிருச்சு அத்தான்!" என்று அலறிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான்.

பன்னிரண்டாம் நாள் எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. மகளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடி, செய்த வைத்தியத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் ஆள்காட்டி விரலால் அவள் கன்னத்தை ஒரு குத்து குத்தினார். புர்ரென்று காற்று வெளியே வந்தது. கூடவே எச்சிலும் வந்து அவருடைய கண்ணாடியில் தெறித்தது.

"குணமாகி நாலஞ்சு நாள் இருக்கும்" என்றார் டாக்டர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க."

பெற்றோருக்கு என்னிடம் மிச்சமிருக்கிற யோசனை இது ஒன்றுதான். பற்றும் கட்டும் இருக்கட்டும், முதலில் விரலால் குத்திப் பாருங்கள்.

சங்கிலி ஆசையில்தான் கன்னத்தை உப்பிக்கொண்டு திரிந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "நீயே போட்டுக்கோ தாயி" என்று சொல்லி, அடுத்த பஸ்ஸிலேயே ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனேன்.

பையனை என் மடியில் வைத்தார்கள். இரண்டு கன்னமும் கொழுகொழுவென்று இருந்தன. நான் சொக்கிப்போய் உட்கார்ந்துவிட்டேன். மகள் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இவனுக்கு ரெண்டு பக்கமும் வீங்கியிருக்கு. நாம இங்க இருக்கக்கூடாது. வாங்க, நம்ம வீட்டுக்குப் போயிருவோம்."

வீடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பிறந்ததிலிருந்து, விடிந்ததுமுதல் பொழுது அடையும்வரை நான் அவளோடு இருந்தது அந்தப் பன்னிரண்டு நாள்தான். பையனை மனைவியிடம் கொடுத்துவிட்டு மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"நாளைக்குக் கம்பெனிக்குப் போவீங்களாப்பா?" என்று கேட்டாள்.

போகமாட்டேன் என்றேன்.