ஏழெட்டு வரும்வரை

ஏழெட்டு எவ்வளவு என்று பக்கத்து வீட்டில் தாய் கேட்க, மகள் எட்டாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து முணுமுணுத்தாள். எனக்குத் தேங்காயெண்ணெய் மணத்தது.

நான் சிறுமியாயிருந்தபோது லாலாகுடாவில் அப்பாவுக்கு ரயில்வே பட்டறை வேலை. பட்டறைச் சங்கு ஊதியதும் அம்மா எனக்கு எண்ணெய் தடவித் தலை பின்னுவாள். பின்னி முடிப்பதற்குள் ஒரு வாய்ப்பாடு சொல்லியாக வேண்டும். பின்னலைப் போலவே அதையும் எனக்கு உச்சியிலிருந்துதான் தொடங்க வரும்.

ஒருநாள் எங்கள் உருதுப் பள்ளிக்கு வந்த இன்ஸ்பெக்டர் என்னை எழுப்பி இதே ஏழெட்டை உருதுவில் கேட்டார். நான் தமிழில், "ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு" என்று வாய்க்குள் ஆரம்பித்தேன். அவர் பொறுமையிழந்து அடுத்தவளிடம் திரும்பினார்.

எங்கள் கணக்கு டீச்சர் ரஸியா உஸ்தானிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் உதட்டையே பார்த்திருந்தவர், "டஹரியே ஸாப், பச்சி ஆரீ" என்றார். பொறுங்கள் ஐயா, பிள்ளை வந்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். வகுப்பே காத்திருந்தது. ஒருவழியாக ஐம்பத்தாறுக்கு வந்து சேர்ந்து, "சப்பன்" என்று உருதுவில் கத்தினேன்.

அந்த அரை நிமிஷத்துக்கு நான் அவருக்கு நன்றி சொன்னதே இல்லை.

"டக்குன்னு சொல்லத் தெரியாதா?" பக்கத்து வீட்டில் தாய் அதட்டினாள்.

நான் ஜன்னலைத் திறந்தேன். "கொஞ்சம் பொறும்மா, கொழந்தை வந்துக்கிட்டிருக்கா."