குளோரின் போட்ட தண்ணீர்

போன கிழமை மகாவலி ஆறு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டுப் போனது. கெலிஓயாவில் ஆற்றை ஒட்டிய ஒழுங்கை எங்களுடையது; அந்தச் சின்னத் தெருவில் நாங்கள் மட்டும்தான் தமிழ்க் குடும்பம், மற்றவர்கள் சிங்களவர். வெள்ளம் வடிந்த பிறகு எட்டிப் பார்த்தால்... பொதுக்கிணறு பால் தேத்தண்ணி நிறத்தில்! கொதிக்க வைக்கலாமென்றால் விறகெல்லாம் ஊறிக் கிடந்தது.

என் மனைவி செல்வி விஞ்ஞான டீச்சர். சுகாதாரப் பரிசோதகர் குளோரின் தூளை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். தண்ணீரை இறைத்து, தெளிய வைத்து, துணியால் வடித்து, முற்றத்துப் பீப்பாவை நிரப்பினாள். தூளை அளந்து கரைத்து ஊற்றி மூடினாள். ஒழுங்கை முழுவதற்குமான தண்ணீர் அது.

"அரை மணித்தியாலத்துக்கு யாரும் தொடக்கூடாது."

அதற்குள் நஞ்சு என்று கதை கிளம்பிவிட்டது. கொழும்பில் குண்டு வெடித்து, தமிழர் எல்லார்மேலும் சந்தேகம் விழுந்திருந்த நேரம் வேறு. ஒரு தமிழ்ப் பெண் தண்ணீரில் வெள்ளைத் தூள் போடுகிறாள் — வேறென்ன வேண்டும்?

வாசல் கேற்றடியில் கூட்டம். எல்லாம் தெரிந்த முகங்கள். முன்னால் நின்றவள் பக்கத்து வீட்டு சோமாவதி. எங்கள் மகளுக்குக் காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக்கொண்டு ஓடி வருகிறவள்!

"டீச்சர், அதில் என்ன போட்டீங்க?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

செல்வி விளக்கினாள். பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "மருந்தென்றால் இப்பவே குடிச்சுக் காட்டு!"

"கிருமி சாக நேரம் வேணும். பிறகு முதல்ல நானே குடிக்கிறேன்."

"பார்த்தீங்களா, பயப்படுறா!" கேற்றைப் பிடித்து உலுக்கினார்கள்.

முந்தைய கலவரத்தில் எரிந்த தமிழர் கடைகளைக் கண்ணால் கண்டவன் நான். அப்போது நான் செய்த காரியம் இருக்கிறதே... பீப்பாவைத் திறந்து ஒரு கப் அள்ளினேன். நான் குடித்தேனா? இல்லை. பக்கத்தில் நின்ற எங்கள் சின்னஞ்சிறு மகளிடம் நீட்டினேன். பிள்ளை குடித்தால் நம்புவார்கள் — புத்தி அப்படித்தான் போனது.

"குடிம்மா."

செல்வி கப்பைத் தட்டிவிட்டாள். "பைத்தியமா உங்களுக்கு? அதுல இன்னும் கிருமி இருக்கு!"

தமிழில் சொன்னாள். கூட்டத்துக்கு விளங்கவில்லை. கப் சேற்றில் விழுந்தது மட்டும் தெரிந்தது. சத்தம் கூடியது. அவளோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பீப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நேரம் வரும்வரை நான் இங்கேயேதான் இருப்பேன்" என்றாள், சிங்களத்தில்.

சோமாவதி என்ன நினைத்தாளோ, கேற்றைத் திறந்து வந்து அவளருகில் நின்றாள். "பொறுங்க. டீச்சர் குடிச்சா நானும் குடிக்கிறேன்."

நேரம் வந்தது. செல்வி குடித்தாள். சோமாவதி குடித்தாள். ஒவ்வொன்றாக வாளிகள் வந்தன. மன்னிப்புக் கேட்டவர் எவருமில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தவரும் இல்லை. வெட்கமாக இருந்திருக்கும்.

ஆனால் என் வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? பயம் வந்துவிட்டால் மனிதன் தன்னைவிடச் சிறியவரைத்தான் முன்னால் தள்ளுகிறான். ஒழுங்கை எங்களைத் தள்ளியது. நான் என் பிள்ளையை.

நேற்று மகள் கேட்டாள். "அப்பா, அம்மா ஏன் அன்னைக்குக் கப்பைத் தட்டிவிட்டாங்க?"

"உன்னைக் காப்பாத்தத்தான்மா."

"யார்கிட்டயிருந்து?"

பதில் தெரியும். சொல்லத்தான் முகமில்லை.