புல்லாங்குழலுக்கு அடியில் ஒரு சத்தம்

அந்த வீட்டில் நான்கு பெண்கள். மூத்தவள் டீச்சர், அடுத்தவள் நர்ஸ், மூன்றாமவள் கல்யாணமாகிப் போய் இரட்டைப் பிள்ளை பெற்றவள். கடைக்குட்டிக்கும் ஒரு பெயர் வைத்தார்கள்தான். ஆனால் வாய்க்கு வந்து நின்றது என்னவோ துறுதுறு. உட்கார்ந்த இடத்தில் ஒரு நிமிடம் இருக்கமாட்டாள். அப்படியே உட்கார்ந்தாலும் கால் மட்டும் தனியாக எங்கேயோ போய்க்கொண்டிருக்கும்.

அவள் ஒலிப்பதிவு படித்தாள். "மைக் செட் போடுறதுக்கு மூணு வருஷப் படிப்பா?" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார். மூன்றாவது வருஷத்தில் ஏதாவது ஒரு ஸ்டுடியோவில் இரண்டு மாதம் வேலை பழக வேண்டும். எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சீல் வைத்துத் தரும் கடிதம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கல்லூரி அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்த வருஷமே போச்சு.

பதினொரு ஸ்டுடியோ படியேறி இறங்கிவிட்டாள். ஓரிடத்தில் வாட்ச்மேனோடு சரி. ஓரிடத்தில் அவள் கொடுத்த விண்ணப்பத்தின் மேலேயே டீ டம்ளரை வைத்தார்கள். இன்னோரிடத்தில் மேனேஜர், "பையனா இருந்தா ஸ்பீக்கர் தூக்குவான், உன்னை வச்சு என்ன பண்ண?" என்றார். அவர் கண்முன்னாலேயே ஸ்பீக்கரைத் தூக்கி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை பெரியம்மா காதுக்கு விஷயம் போனது. பெரியம்மாவுக்கு உறவு விட்டுப்போன ஊரே கிடையாது. விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"உங்க பெரியப்பாவோட தம்பி பொண்டாட்டிக்குக் கூடப்பொறந்த அண்ணன். பெரிய ஸ்டுடியோவுல ரெக்கார்டிஸ்ட். உனக்கு மாமா முறை ஆகுதுடி. மாமான்னு ஒரு தடவை கூப்பிடு, ஆளு கரைஞ்சிடுவான்."

கூப்பிட்டாள். ஆள் கரையவில்லை.

"இங்க மாமா மச்சான் எல்லாம் கிடையாது. சார். புதன், வியாழன், வெள்ளி வந்து உட்காரு. பாத்துட்டு வெள்ளிக்கிழமை சொல்றேன்."

ஐம்பத்தெட்டு வயது மனிதர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பொத்தான் பலகைக்கு முன்னால் மலை மாதிரி உட்கார்ந்திருப்பார். துறுதுறு இரண்டு நாளும் வயர் சுற்றினாள், மைக் ஸ்டாண்டு துடைத்தாள், துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். "உட்காருமா, பாக்குற எனக்கே தலை சுத்துது" என்று அவர் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இசையமைப்பாளரோடு ஒரு புல்லாங்குழல்காரர் வந்தார். மெதுவான பாட்டு, நடுவில் இரண்டு தடவை குழல் மாற்ற வேண்டும். கீழ்ச்சுருதிக்கு நீளக் குழல், மேலே போகக் குட்டைக் குழல். சத்தமில்லாமல் எடுத்துக் கொடுக்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். துறுதுறுவை அனுப்பினார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, வெறுங்காலோடு மரத் தரையில் உட்கார்ந்து குழல்களை மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை வாசித்தபோது அறையே கரைந்துபோனது. "இதுதான். இதுக்கு மேல என்னால வராது" என்று புல்லாங்குழல்காரர் பையைக் கட்டினார். வெளியூர் போக வாசலில் கார் நின்றது. இசையமைப்பாளர் எழுந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். ரெக்கார்டிஸ்ட் ஒருமுறை போட்டுக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். மேஜை இழுப்பறையைத் திறந்து கடிதத்தில் கையெழுத்தும் போட்டார்.

"சீல் ஆபீஸ் ரூம்ல இருக்கு. இரு, எடுத்துட்டு வரேன்."

அவர் போனதும் துறுதுறு ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். நீளக் குழல் அடியில் இறங்கும் இடம். தப். கொஞ்சம் விட்டு மறுபடி தப்.

அவளுடைய குதிகால்! அது பாட்டுக்குத் தாளம் போட்டிருக்கிறது. அவள் உட்கார்ந்த மரத் தரையில்தான் மைக் ஸ்டாண்டும் நின்றது. தரை வழியாகவே ஏறிவிட்டது. அவர் கேட்டார், இசையமைப்பாளரும் கேட்டார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே? கடிதத்தைப் பார்த்தாள். மணி மூன்றே முக்கால். வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அதற்குள் கார் போய்விடும்.

யோசிக்கிற அளவுக்கு அவளுக்கு எப்போது பொறுமை இருந்தது? நாலு மாடியும் தடதடவென்று இறங்கி, நகர்ந்துவிட்ட காரின் கதவைத் தட்டினாள்.

"ஐயா, ஒரே ஒரு தடவை மேல வாங்க. அடி இடம் மட்டும் திரும்ப வாசிக்கணும்."

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. என் கால் சத்தம் விழுந்திருக்கு."

"அடிப்பாவி! காலை வீட்டுல வச்சிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார். ஆனாலும் இறங்கி வந்தார்.

மேலே ரெக்கார்டிஸ்ட் சீலோடு நின்றார். விஷயம் கேட்டதும் முகம் கறுத்தது. அந்த இடத்தைச் சத்தமாகப் போட்ட பிறகுதான் இசையமைப்பாளர், "ஆமா, இருக்கே!" என்றார். எட்டுத் தாளம் மட்டும் திரும்ப வாசித்து ஒட்டினார்கள். முதலில் இருந்த உருக்கம் அதில் இல்லை. புல்லாங்குழல்காரருக்கும் தெரியும், பையைக் கட்டிக்கொண்டு போனார். இசையமைப்பாளரும் போனார்.

ரெக்கார்டிஸ்ட் கதவைச் சாத்தினார்.

"என்கிட்ட சொல்லாம ஆர்ட்டிஸ்ட்டைத் தடுக்க நீ யாரு? அவர் முன்னாடி என் மானத்தை வாங்கணும்னே வந்தியா?"

"நீங்க வர்றதுக்குள்ள கார் போயிடும் சார்."

அவர் சீலை உள்ளங்கையில் உருட்டினார். மணி நாலு இருபது. துறுதுறுவின் கால் ஆடத் தொடங்கியது. ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அந்தச் சத்தம் எனக்குக் கேக்கவே இல்ல," என்றார் மெதுவாக. "முதல்ல போட்டப்பவும் கேக்கல. சத்தமா வச்சப்பவும் கேக்கல. கேட்ட மாதிரி தலையாட்டினேன்."

அழுத்திய பாதத்தை அவள் மெதுவாக எடுத்தாள்.

"இது வெளியில போனா நாளைக்கு நான் வீட்டுல இருக்க வேண்டியதுதான். முக்கியமா உங்க பெரியம்மா காதுல விழக் கூடாது."

"விழாது சார்."

சீலைக் குத்தினார். மை காய்ந்திருந்தது, பாதி எழுத்துதான் விழுந்தது. ஊதிவிட்டு மறுபடி குத்தினார்.

கல்லூரி அலுவலகத்தில் கிளார்க் பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தாள். "ஓடியா வந்தே? அப்படியே ஓடிப்போயிருந்தா நானும் வீட்டுக்குப் போயிருப்பேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே வாங்கி வைத்தார்.

திங்கட்கிழமை மைக் இருக்கும் அறைக்குள் அவளை விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒரு மேஜை, ஒரு ஹெட்போன், ஒரு நோட்டு. அந்த வருஷம் எடுத்தது அத்தனையும் கேட்டு, எங்கே என்ன சத்தம் என்று எழுத வேண்டும். நாற்காலி கிறீச்சிட்டது, பாடகியின் வளையல், யாரோ தாள் புரட்டியது. ஏழாவது பாட்டில் மெல்ல ஓர் இருமல். ரெக்கார்டிஸ்ட்டின் இருமல்தான், உள்ளே மைக் பக்கத்தில் நின்றிருக்கிறார். பேனா ஒரு நொடி நின்றது. அதையும் எழுதினாள்.

சாயங்காலம் அவர் நோட்டை வாங்கி விரல் வைத்துப் படித்தார். அந்த வரியில் விரல் நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை. எட்டாவது பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார்.