உம்மா துப்பிய குளிசைகள்

உம்மாவின் வாயைக் கவனிக்கும் வேலை எனக்குத் தரப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. வாப்பா நெல் லொறி ஓட்டினார். இறக்காமத்துப் பக்கம் மூட்டை ஏற்றப் போனால் வீடு திரும்ப இரண்டு நாளும் ஆகும், மூன்று நாளும் ஆகும். அடுத்த வளவில் இருந்த சாச்சி, உம்மாவின் தங்கை, இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்தார்; தன்னுடைய இரட்டைப் பிள்ளைகளையும் மேய்த்தார். மிச்சம் இருந்தவள் நான்தான். காலை ஆறு மணிக்கு ஒரு குளிசை, பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு குளிசை. கொடுத்துவிட்டு உம்மா விழுங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். இதைவிடப் பெரிய பதவி அந்த வீட்டில் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

உம்மாவுக்கு மார்பில் தொடங்கிய புற்றுநோய் முள்ளந்தண்டுக்கு வந்துவிட்டது. இனி நோவைக் குறைக்கத்தான் முடியும் என்று ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்குத் தந்ததுதான் அந்தக் குளிசை, ஒரு கொத்தமல்லி அளவுதான் இருக்கும். அதுவரை தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்த உம்மா, குளிசை தொடங்கிய இரண்டாம் நாள் காலை நீட்டித் தூங்கினார். சாச்சி வாசலில் நின்று பார்த்துவிட்டு அழுதார். குளிசைக்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி இரண்டு ரக்அத் தொழுதார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

மற்றவையெல்லாம் அதன் பிறகுதான் வந்தன. முதலில் வயிறு கட்டியது. ஆறு நாள் உம்மா வெளிக்குப் போகவில்லை. சாச்சி பப்பாசிப் பழம் கொடுத்தார், வெந்நீர் கொடுத்தார், ஆமணக்கெண்ணெய் கொடுத்தார். எங்கள் வீட்டில் நெல் விலையைவிட உம்மாவின் வயிற்றைப் பற்றித்தான் அதிகம் கதைத்தோம். ஏழாம் நாள் காரியம் ஆனபோது வாப்பா சந்தைக்குப் போய்க் கணவாய் வாங்கி வந்தார். பெருநாள் போலச் சாப்பிட்டோம். உம்மாவுக்கு அந்த வாடையே பிடிக்காமல் சத்தி வந்தது.

பிறகு சொறி. உடம்பு முழுக்க எறும்பு ஊர்கிறது என்பார். என் நகத்தால் முதுகைச் சுரண்டிவிடுவேன். நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தேசிக்காய்த் துண்டை உதட்டில் தடவுவேன். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது தூக்கம் மட்டும்தான். கதைத்துக்கொண்டே இருப்பார், பாதி வசனத்தில் தூங்கிப் போவார். தூக்கத்தில் அவருடைய கைகள் வேலை செய்யும்.

அந்தக் கைகளின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு பெண் மௌத்தானால், அடக்கம் செய்வதற்கு முன் மய்யித்தைக் குளிப்பாட்ட உம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கும்போதே கூப்பிடுவதும் உண்டு. உம்மா போய்ப் பக்கத்தில் இருந்து, அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை என்ற கலிமாவைக் காதில் சொல்லிக் கொடுப்பார். கடைசிப் பேச்சு கலிமாவாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள ஆசைதான். ஆனால் உம்மாவைப் போல அத்தனை கடைசிகளைப் பார்த்தவர்கள் குறைவு. வீட்டுக்கு வந்ததும் சாச்சியிடம் அதைத்தான் முதலில் சொல்வார். ஒரு நாள், "தெளிவாச் சொன்னா, மாஷா அல்லாஹ்" என்பார். இன்னொரு நாள், "பாவம், நாக்கு எழும்பல்ல" என்பார். அப்படிச் சொன்ன நாளில் சோறு சாப்பிட மாட்டார்.

இப்போது அந்தக் கைகள் போர்வையைத் தேய்த்தன. "வலது பக்கம் முதல்ல. கற்பூரத் தண்ணிய எடு புள்ள" என்று கண்ணை மூடியபடியே சொல்வார். யாரைக் குளிப்பாட்டுகிறார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

நிற்க முடியாததால் உம்மா கதிரையில் இருந்தபடி தொழுவார். எத்தனை ரக்அத் ஆனது என்பது மறந்துபோவதால், நான் முன்னால் நின்று விரலைக் காட்டுவேன். ஒரு பின்னேர அஸர் தொழுகையில் அல்ஹம்து சூராவை ஓதிக்கொண்டு வந்தவர், நடுவில் அதே இராகத்தில், "அடுப்பக் குறை, கறி அடிப்பிடிக்குது" என்றார். பிறகு மிச்சத்தை ஓதினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தொழுகை முடிந்ததும், ஏன் சிரிக்கிறாய் என்று உம்மா கேட்டார். நான் வாய்க்கொழுப்பில், அவர் ஓதிய மாதிரியே ஓதியும் காட்டினேன்.

உம்மா சிரிக்கவில்லை. என்னைக் கதிரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"இன்னும் என்னவெல்லாம் கதைக்கிறன்?"

கற்பூரத் தண்ணீரையும் சொன்னேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் வெறுப்பு வருகிறது.

அன்று பின்னேரம் ஆறு மணிக்குக் குளிசையை வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்து, சாச்சி வாசலைத் தாண்டிப் போகும்வரை உம்மா பேசாமல் இருந்தார். பிறகு என் கையைப் பிடித்து உள்ளங்கையில் துப்பினார். குளிசை முழுசாகக் கிடந்தது. நாக்குக்கு அடியில் வைத்திருந்திருக்கிறார்.

"கொண்டுபோய்க் கக்கூசுல போட்டுத் தண்ணி ஊத்து. ஒருத்தருக்கிட்டயும் கதைக்கப்படாது."

"நோகுமே உம்மா?"

"நோகட்டும். குடிச்ச வெறிகாரன் மாதிரிக் கிடந்து மௌத்தாக எனக்கு ஏலா. கடைசி நேரம் நான் அடுப்பப் பத்திக் கதைச்சிட்டுப் போனா, அல்லாஹ்ட்ட ஆரு மகள் எனக்காகப் பதில் சொல்ற?"

நான் தலையாட்டினேன். பயம் இருந்தது, அதைவிடப் பெருமை இருந்தது. உம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்று.

மறுநாள் என் உம்மா திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன். கண் தெளிந்திருந்தது. நான் ஓதியதில் மூன்று பிழை பிடித்தார். பள்ளிக்கூடத்தில் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறேன் என்று விசாரித்தார். காலையிலும் பின்னேரமும் ஈரக் குளிசையைப் பொத்திக்கொண்டு நான் கக்கூசுக்கு ஓடினேன். எவ்வளவு நல்ல காரியம் செய்கிறோம் என்று எனக்குள் ஒரே புளுகம், துள்ளாத குறை.

இரண்டாம் நாள் நோவு வந்தது. உம்மா தொழுகைத் துணியின் நுனியை வாயில் திணித்துக்கொண்டார். மூன்றாம் நாள் மூக்கால் தண்ணீர் ஓடியது, கொட்டாவிக்கு மேல் கொட்டாவி வந்தது, உடுப்பெல்லாம் வியர்வையில் நனைந்தது. வயிறும் பேதி மருந்து குடித்ததுபோல இளகிவிட்டது. விவரம் தெரியாத சாச்சி, "அல்ஹம்துலில்லாஹ், ராத்தாக்கு வயிறு சரியாகிட்டு" என்று இரட்டைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லிச் சந்தோசப்பட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் உம்மாவுக்கு ஒரு நாள் நோவாவது குறைந்திருக்கும்.

நான்காம் நாள் உம்மாவால் அல்ஹம்துவை முடிக்கவே முடியவில்லை. மூன்றாம் வசனத்தில் கத்தினார். திரும்பத் தொடங்கினார், திரும்பக் கத்தினார். கை கால் உதறியது. எந்த நாக்குக்காகக் குளிசையைத் துப்பினாரோ அந்த நாக்கை நோவு பறித்துவிட்டது. லொறியை விட்டிறங்கிய வாப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டு, முகம்கூடக் கழுவாமல் ஓட்டோ பிடித்து எங்களை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே இருந்தவர் ஓர் இளம் பெண் டொக்டர். காரைதீவுப் பக்கத்து ஆள் என்று வாப்பா பிறகு சொன்னார். அவர் உம்மாவின் கண்ணை விரித்துப் பார்த்தார், வியர்வையைத் தொட்டுப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தின நாளா குளிசை போடல்ல?"

"போடுறா டொக்டர். இந்தப் புள்ளதான் ரெண்டு நேரமும் குடுக்குது" என்றார் வாப்பா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வாப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அடித்திருக்கலாம்.

டொக்டர் உம்மாவின் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். "இது வெறிக்குக் குடிக்கிற சாமான் இல்லம்மா. திடீரெண்டு நிப்பாட்டினா உடம்பு இப்பிடித்தான் முறுக்கும். தூக்கம் கூடினா எனக்கிட்டச் சொல்லுங்க, அளவ மாத்துவம். நீங்களா விடக்கூடாது."

உம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "நோவும் இல்லாம வேணும் டொக்டர். நாக்கும் வேணும்."

டொக்டர் உம்மாவின் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு, "ரெண்டுக்கும் பாப்பம்" என்றார்.

பார்க்கத்தான் செய்தார். அளவைக் குறைத்துத் திரும்பத் தொடங்கினார். வயிற்றுக்குத் தினமும் குடிக்க ஒரு மருந்து, சொறிக்கு ஒரு குளிசை. தூக்கம் ஒரு கிழமையில் மெல்ல விலகும் என்றார், அப்படியே விலகியது. நண்பகல் லுஹர் தொழுகை முதல் அஸர் வரை உம்மா தெளிவாக இருப்பார். அந்த நேரத்துக்குள் தொழுவார், கதைப்பார், சாச்சியோடு சண்டையும் பிடிப்பார். குளிசை கொடுக்கும் வேலை என்னிடமிருந்து சாச்சிக்குப் போனது. அது நியாயம்தான்.

அப்படி ஒரு மாதம் கிடைத்தது. பிறகு நோவு குளிசையை மிஞ்சியது, அளவைக் கூட்டினார்கள், தூக்கமும் திரும்பி வந்தது. இந்த முறை உம்மா துப்பவில்லை. என்னைக் கூப்பிட்டு, "நான் தூங்கினா என்ட காதுல நீ கலிமாவச் சொல்லிக்கிட்டே இரி. கேட்டா நானும் சொல்லுவன்" என்றார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதுதான் என் வேலை. சில நாள் உம்மாவின் உதடு என்னோடு சேர்ந்து அசையும். சில நாள் மூச்சு மட்டும் வரும். தொண்டை கட்டும்வரை சொல்வேன்.

கடைசி நாளும் அஸர் நேரம்தான். சாச்சி உம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தார். நான் காதோடு வாயை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாப்பா தொழுகைக்குக் கை கால் கழுவி ஒலுச் செய்யக் கிணற்றடிக்குப் போயிருந்தார். உம்மா திடீரென்று கண்ணைத் திறந்தார். அத்தனை நாள் இல்லாத தெளிவு அந்தக் கண்ணில் இருந்தது. என்னைப் பார்த்தார், உதடு அசைந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஒனக்குப் பேன் பாக்கணும்" என்றார்.

அவ்வளவுதான். நான் அவசர அவசரமாகக் கலிமாவைச் சொன்னேன், இன்னொரு தரம் சொன்னேன். மூன்று மூச்சு வந்தது. நான்காவது வரவில்லை.

சற்று நேரத்தில் அறை பெண்களால் நிறைந்துவிட்டது. உம்மாவோடு மய்யித்துக் குளிப்பாட்டப் போகும் ஒரு மாமி என் தோளைப் பிடித்து, உம்மா மற்ற வீடுகளில் முதலாவதாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"கலிமா சொன்னாவா மகள்?"

"ஓம். சொன்னா" என்றேன்.

அத்தனை பெரிய பொய்யை நான் அதற்கு முன் சொன்னதில்லை. மாமியின் பார்வை சாச்சியிடம் போனது. உம்மாவின் தலை இன்னும் சாச்சியின் மடியில்தான் இருந்தது. பிடிபட்டேன் என்று நினைத்தேன்.

"ஓம் மாமி. நானும் கேட்டன். தெளிவாச் சொன்னா" என்றார் சாச்சி.

பெண்கள் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அழுதார்கள். வாப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். நான் மட்டும் அழ மறந்து சாச்சியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாச்சி பொய் சொல்லாதவர். இரட்டைப் பிள்ளைகளுக்கு மருந்து கசக்காது என்றுகூடச் சொல்ல மாட்டார். ஆகவே உம்மா சொல்லித்தான் இருக்க வேண்டும். அந்த மூன்று மூச்சுக்குள், என் காதுக்கு எட்டாமல், சாச்சிக்கு மட்டும் கேட்கும்படி சொல்லியிருக்கிறார். தொழுகையில் சிரித்தவளுக்கு, குளிசையைக் கக்கூசில் போட்டவளுக்கு, அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. அப்படித்தான் நான் முடிவு கட்டினேன். தொண்டை கட்டச் சொன்னவள் நான், பலனை வாங்கிக்கொண்டவர் சாச்சி. அந்த ஆத்திரத்தில் மூன்று நாள் அவர் கையால் சோறு வாங்கவில்லை.

நான்காம் நாள் உம்மாவுக்காகக் குர்ஆன் கத்தம் ஓதி ஆட்களெல்லாம் போன பிறகு, சாச்சி வெளிச்சத்துக்குப் பாயை இழுத்துப்போட்டு, பேன் சீப்போடு வந்து இருந்தார். "வா புள்ள, தலையக் காட்டு" என்றார்.

நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். சீப்பு மணலில் போய் விழுந்தது. சாச்சி ஏசவில்லை. எழுந்து போய் அதை எடுத்து, முந்தானையால் துடைத்து, திரும்பவும் வந்து பாயில் இருந்தார். நான் வீட்டுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உம்மா கடைசியாகச் சொன்னதை என்னைப் போலவே கேட்டவர்தான் அந்தச் சீப்போடு வெளியே காத்திருக்கிறார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.