உங்க எட்டா, எங்க எட்டா?

துபாய் தேராவில் மூன்று கடை, ஷார்ஜாவில் ஒரு கிடங்கு, ஊரில் மாடி வீடு, நாலு தங்கச்சிக்குக் கல்யாணம். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் கட்டியது இதெல்லாம். யாரும் கை கொடுக்கவில்லை. கொடுக்க வந்தவனும் பாதியில் இழுத்துக்கொண்டான். ஆனால் என் மச்சினன் வாழ்க்கையையும் நான்தான் கட்டினேன். அதைத்தான் ஒருத்தரும் பேசுவதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். என் பொண்டாட்டியின் தம்பி ஆப்பிரிக்காவில், தாருஸ்ஸலாமில் ஒரு குஜராத்தி கடையில் இருந்தான். கடை மூடிப்போனது. என் கபீலிடம், அதாவது எனக்குப் பொறுப்பு நின்ற அரபியிடம், கெஞ்சிக் கூத்தாடி அவனுக்கு ஒரு விசா வாங்கினேன். வியாழக்கிழமைக்குள் துபாயில் இறங்காவிட்டால் விசா செத்துவிடும். "இன்னொண்ணு கேட்டே, உன் விசாவும் கலாஸ்" என்று சொல்லியே கொடுத்தார்.

அவன் நைரோபி வந்து, வியாழன் மத்தியானம் பன்னிரண்டுக்குக் கிளம்பும் துபாய் பிளைட்டைப் பிடிக்க வேண்டும். என் பக்கத்துக் கடைக்காரர் சான்சிபாரில் பிறந்த அரபி. தாருஸ்ஸலாமில் இருந்த அவருடைய சொந்தக்காரர் டிக்கெட் எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை பக்கத்துக் கடைக்காரர் வந்து சொன்னார்: "வியாழன் எட்டு மணி பிளைட், பாய். கவலையை விடு."

தாருஸ்ஸலாமிலிருந்து நைரோபி ஆகாய வழியில் நானூறு மைல் சொச்சம். ஒன்றேகால் மணி, இழுத்தால் ஒன்றரை. எட்டுக்கு ஏறினால் பத்துக்குள் இறங்கிவிடலாம். கணக்கு சரி. ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. கடைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். "நீங்க நடந்தா பிளைட் சீக்கிரம் வருமா?" என்றாள் பொண்டாட்டி.

அன்றைக்கே மஃரிப் பாங்கு சொல்லும் நேரம். அந்த அரபி தன் பையனை சுவாஹிலியில் அதட்டினார்: "பன்னிரண்டு ஆச்சு, கடையை மூடு!" சுவரில் மணி ஆறு.

மொம்பாசா போகும் பாய்மரக் கப்பலில் நான் சமையல் பார்த்தவன். அந்தச் சீமையில் பொழுது விடிந்துதான் மணி எண்ணுவார்கள். நம் ஏழு அவர்களுக்கு ஒன்று. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"அர்பாப், அந்த எட்டு உங்க எட்டா, எங்க எட்டா?"

"எங்க எட்டுதான். உனக்கு மத்தியானம் ரெண்டு" என்றார், சிரித்துக்கொண்டே. சிரிப்பு பாதியில் நின்றது. துபாய் பிளைட் பன்னிரண்டுக்கே போய்விடும் என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

டெலிபோன் ஆபீசுக்கு ஓடினேன். "மாஃபி லைன், மாஃபி லைன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான் அங்கிருந்தவன். ராத்திரி முழுக்க அங்கேயே நின்றேன்; மறுநாள், புதன் காலைதான் லைன் கிடைத்தது. அரபியின் சொந்தக்காரரிடம் தொண்டை கிழியக் கத்தினேன்: "இன்னைக்கே ஏத்துங்க! நாளைக்கு வேணாம், இன்னைக்கே!"

ஏற்றினார்கள். வியாழன் சாயங்காலம் துபாயில் இறங்கியவன் என்ன சொன்னான் தெரியுமா? "ஏன் மச்சான், ஒரு நாள் முன்னாடியே விரட்டினீங்க? நைரோபியில பெஞ்சுல படுத்து முதுகு போச்சு."

இன்றைக்கு அவனுக்கு என்னைவிட இரண்டு கடை அதிகம். எப்படி வந்தீர்கள் என்று யார் கேட்டாலும், "ரப்பு நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தான்" என்கிறான். அல்லாஹ்வின் நாட்டம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் டெலிபோன் ஆபீசில் கடுத்த கால் என்னுடையது. வருகிற மாசம் அவன் மகளுக்குக் கல்யாணம். மைக் பிடித்துப் பேசும்போது, "என் மச்சான் அன்றைக்கு 'உங்க எட்டா, எங்க எட்டா' என்று கேட்டதால்தான் நான் இங்கே நிற்கிறேன்" என்று அவன் சபையில் சொல்ல வேண்டும். தனியாக என் காதில் சொன்னால் போதாது.