அப்பாவின் பெயரைக் கூப்பிடும் இடம்

வேலையில் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். கனடாவில், ஸ்காபரோவில், பாண் ரொட்டி போடும் ஃபக்டரி. இந்த நாட்டுக்கு வந்தபோது எங்கள் வழக்கப்படி என் பெயரோடு அப்பாவின் பெயரையும் கொடுத்தேன். இங்கே அது குடும்பப் பெயராகிவிட்டது. சுப்பர்வைசர் எல்லாரையும் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவான்.

ஊரில் அப்பாவின் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கே முதல் நாள் ஒருவன் அதைச் சத்தம் போட்டுக் கூப்பிட, மாத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அப்பா அப்போது உயிரோடு இல்லை.

மகன் இங்கே பிறந்தான். அவனுக்கு என் பெயர் குடும்பப் பெயர். அவனுக்கு இப்போது பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது சொன்னான்.

"அப்பா, பேபிக்கு லாஸ்ற் நேம் உங்கட பேர்தான்."

"உன்ர பேரல்லோ வரோணும்."

"எனக்கும் அவளுக்கும் வேற வேற பேர் எண்டால் எயர்போட்டில மறிப்பாங்கள்."

"நானும் நீயும் இவ்வளவு காலம் வேற வேற பேரோட இருக்கேல்லையோ?"

"அதாலதானே சொல்லுறன்."

மருமகள் சிரித்தாள்.

"அப்ப உன்ர அப்பப்பான்ர பேர்?"

"அது உங்களோட நிக்கட்டும் அப்பா."

பகிடியாகத்தான் சொன்னான். நான் பாதிச் சோற்றோடு எழும்பிக் கை கழுவினேன்.

மறுநாள் தேத்தண்ணி நேரம் கூட வேலை செய்யும் வெள்ளைக்காரரிடம் இதைச் சொன்னேன். இங்கிலாந்துக்காரர். அவருடைய குடும்பப் பெயர் 'சன்' என்று முடியும். முன்பு தங்கள் நாட்டிலும் தகப்பன் பெயரைத்தான் பிள்ளையின் பெயரோடு சேர்த்தார்களாம். ஜோனின் மகன் ஜோன்சன். தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்ததாம். பிறகு யாரோ ஒருவனோடு மாறுவது நின்றுவிட்டது. அதன்பின் பேரன், பூட்டன் எல்லாரும் ஜோன்சன்தான். பேக்கர் என்ற பெயரும் அப்படித்தான். பாண் சுட்டவன் போய்விட்டான், பெயர் நின்றுவிட்டது.

"அந்த ஜோனின் தகப்பனுக்கு என்ன பெயர்?" என்று கேட்டேன்.

"அது யாருக்குத் தெரியும்?" என்றார். "இனி உங்கள் வீட்டு ஜோன் நீதான். பார்ட்டி வை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஜோனின் தகப்பனையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் மகனுக்குப் போன் எடுத்தேன்.

"என்ர பேரையே போடு."

"கோபமோ அப்பா?"

"இல்லை. பிள்ளை நித்திரையோ?"

பென்சன் எடுக்க எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது. அதற்குப் பிறகு அப்பாவின் பெயரைக் கூப்பிட ஆளில்லை. அடுத்த நாள் காலை சுப்பர்வைசர் அவன் பாட்டுக்குக் கூப்பிட்டான். கேட்டது. இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று திரும்பாமல் நின்றேன்.